ரோபோ துணையுடன் முழங்கால் மூட்டு மாற்று: முடிவெடுக்கும் நாள் முதல் மூன்றாம் மாதம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ரோபோ துணையுடன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ள இருப்பவர்களுக்கும், அவர்களை வீட்டில் கவனித்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் இது எழுதப்படுகிறது. எலும்பு சிகிச்சை வார்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்வதால், அறுவை நன்றாக முடிந்த பிறகும் சிலர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. தடுமாற்றம் பெரும்பாலும் அறுவை அரங்கில் தொடங்குவதில்லை. முன்னதாகச் செய்ய வேண்டியதைப் பின்னால் தள்ளுவதிலும், காலை நீட்டப் பழகுவதற்கு முன்பே மடக்குவதில் மட்டும் கவனம் வைப்பதிலும்தான் அது தொடங்குகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே படியுங்கள்.

1. ரோபோ எதைச் செய்யும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எதிர்பார்ப்பு தவறாக இருந்தால் அடுத்த எல்லாப் படிகளும் தவறும் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். மருத்துவர் பக்கத்தில் நிற்க, இயந்திரமே முழு அறுவையையும் செய்து முடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தோலைத் திறப்பது, தசையை விலக்குவது, ஜவ்வுகளின் இறுக்கத்தைக் கணிப்பது, செயற்கை மூட்டைப் பொருத்துவது, தையல் போடுவது ஆகிய அனைத்தும் அறுவை மருத்துவரின் கைவேலைதான். ரோபோவின் பங்கு எலும்பை அளப்பதிலும், திட்டமிட்ட கோணத்தில் வெட்டுவதிலும், வெட்டியபின் இடைவெளியைச் சரிபார்ப்பதிலும் இருக்கிறது.

இயந்திரங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. மாக்கோ என்ற கருவிக்கு முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். ரம்பம் அதன் கையில் பொருத்தப்பட்டிருந்தாலும் அதை நகர்த்துவது மருத்துவர்தான், எல்லையைத் தாண்ட முயன்றால் மட்டும் கருவி தடுக்கும். ரோசா, வெட்டுவதற்கான வழிகாட்டிச் சட்டத்தைச் சரியான இடத்தில் நிறுத்திக் கொடுக்கும். கோரி, கையில் பிடித்து எலும்பைச் செதுக்கும் சிறு கருவி. இதற்கும் வேலிஸ் என்ற கருவிக்கும் சிடி ஸ்கேன் தேவையில்லை. குவிஸ் என்ற கொரியக் கருவி, சிடி ஸ்கேனை வைத்துத் திட்டமிட்டபின், மருத்துவரின் மேற்பார்வையில் எலும்பைத் தானே செதுக்கும் வகையைச் சேர்ந்தது.

இவற்றால் கிடைக்கும் பலனைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எலும்பு வெட்டும் கோணத்தில் துல்லியம் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. லண்டனில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ரோபோ துணையுடன் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தொடக்க நாட்களின் வலி குறைவாக இருந்தது. அவர்கள் காலை நேராகத் தூக்கும் திறனை விரைவில் பெற்றார்கள். வீட்டுக்கும் சீக்கிரம் திரும்பினார்கள். ஆனால் அது சிறிய ஆய்வு. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்ததும் அல்ல. மறுபுறம், தென் கொரியாவில் 1,000-க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சராசரியாக 13 ஆண்டுகள் கவனித்து, 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய தலைமுறை ரோபோவுக்கும் வழக்கமான முறைக்கும் இடையில் நடையிலோ மூட்டின் ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், முதல் சில வாரங்களைச் சற்று எளிதாக்க ரோபோ உதவக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சில வாரங்களை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் மீதி அடங்கியிருக்கிறது.

2. தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி மருத்துவரின் அனுபவத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: வழக்கமான முறையிலும் இந்தக் கருவியிலும் அவர் எவ்வளவு காலமாக அறுவை செய்துவருகிறார் என்று தயங்காமல் கேளுங்கள். அறுவையின் நடுவில் கருவி நின்றுபோனாலோ சமிக்ஞை தடைப்பட்டாலோ வழக்கமான கருவிகளைக் கொண்டு அவர் முடித்தாக வேண்டும் என்பதால், கைவேலையில் தேர்ந்தவரிடமே ரோபோவும் பயன்தரும். ரோபோ உள்ள மருத்துவமனையா, அனுபவமுள்ள மருத்துவரா என்று தேர்வு வந்தால் நான் மருத்துவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இரண்டாவது, செலவைப் பிரித்துக் கேளுங்கள். செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டு, பின்னர் திருத்தங்களும் வந்தன. அந்த உச்சவரம்பு மூட்டின் விலைக்குத்தான். ரோபோ பயன்பாட்டுக் கட்டணம், சிடி ஸ்கேன், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருட்கள் ஆகியவை தனியாக வரும். பேக்கேஜ் என்று ஒரே தொகையைச் சொன்னால், இவை அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, காப்பீடு. ரோபோ அறுவையை முழுமையாக விலக்கிவைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் விதி வகுத்தது. எனினும் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. மூட்டு மாற்றுக்கு என்று காத்திருப்புக் காலம் பல பாலிசிகளில் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் அட்மிஷன் போட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் நாளில் பில்லிங் கவுன்டரில் நின்று திகைப்பவர்கள் அதிகம்.

அறுவைக்குப் போகும் முன், உடல் நிலையைச் சீர்செய்ய நேரம் வேண்டும். ஆகவே அறுவைத் தேதியைக் குறைந்தது 4 முதல் 6 வாரம் தள்ளி வாங்குங்கள்.

3. உடலைத் தயார்செய்தல்: 4 முதல் 6 வாரம் முன்பே

செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் அதை மாத்திரையால் மட்டும் விரட்டுவது கடினம்; பல சமயங்களில் மீண்டும் திறந்து கழுவவோ மூட்டையே மாற்றவோ நேரிடும். இந்தப் படியில் உள்ள அனைத்துக்கும் அதுவே காரணம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் எச்பிஏ1சி பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். அது 8-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிவைப்பார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை என்பதால், அட்மிஷனுக்கு முந்தைய வாரம் பட்டினி கிடந்து இதைக் குறைக்க முடியாது. ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து ஏறவும் வாரங்கள் பிடிக்கும்.

சொத்தைப் பல், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு ஆகியவற்றை முன்னதாகவே காட்டிச் சரிசெய்துவிடுங்கள். வெடிப்பையும் சேற்றுப்புண்ணையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. வயலிலும் வீட்டு வேலையிலும் ஈரத்திலேயே நின்று பழகியவர்களுக்கு அது நோயாகவே தெரிவதில்லை. கிருமி நுழைய அந்தச் சிறு பிளவு போதும். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தினால் காயம் ஆறுவது மேம்படும்.

மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, மயக்க மருந்து மருத்துவரிடம் நேரில் கொடுங்கள். சர்க்கரைக்குத் தரப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. கூட்டு மாத்திரைகளுக்குள் இவை ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையையே எடுத்துச் செல்வது நல்லது. ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை, குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. சித்த மருந்து, லேகியம், கடையில் வாங்கும் மூட்டுவலிச் சூரணம் எதுவானாலும் பட்டியலில் எழுதுங்கள்.

வழக்கமான தவறு ஒன்று: அறுவைக்கு முந்தைய நாள் காலில் உள்ள முடியை வீட்டிலேயே பிளேடால் மழித்துவிட்டு வருவது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து தொற்றுக்கு வழியாகும். தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

4. தசைக்கு முன்கூட்டியே பாடம்

ஆண்டுக்கணக்கில் வலித்த முழங்காலில் முன்தொடைத் தசை மெலிந்திருக்கும். அறுவைக்குப்பின் வலியும் வீக்கமும் சேர்ந்து அதை மேலும் அடக்கிவிடும். வலியோடு புதிதாக ஒரு பயிற்சியைக் கற்பது கடினம் என்பதால், அதை இப்போதே கற்றுவிடுங்கள்.

மூன்று பயிற்சிகள் போதும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைப் படுக்கையை நோக்கி அழுத்தி 5 விநாடி பிடிப்பது முதலாவது. முழங்கால் சில்லு மேல்நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் தசை சரியாக வேலை செய்கிறது என்று பொருள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்குவது இரண்டாவது. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி காலை மடக்கி நீட்டுவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாக, காலையும் மாலையும் செய்யலாம்.

வாக்கரையும் இந்தக் கட்டத்திலேயே வாங்கி, நிமிர்ந்து நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டின் உயரத்தில் இருக்குமாறு சரிசெய்து, வீட்டுக்குள் நடந்து பாருங்கள். உறவினரிடமிருந்து கடன் வாங்கிய வாக்கர் பெரும்பாலும் உயரம் ஒவ்வாமல் இருக்கும். கால் ரப்பர் தேய்ந்திருந்தால் மொசைக் தரையில் வழுக்கவும் செய்யும்.

5. வீட்டைத் தயார்செய்தல்

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலை கமோடு தேடி ஓடக் கூடாது. இந்தியக் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில், அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலியாவது முன்பே வந்திருக்க வேண்டும். சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். வாளிக் கம்பியையும் குழாயையும் பிடித்து எழுவது வழுக்கி விழுவதற்கான நேர்வழி.

படுக்கை கீழ்த்தளத்தில் இருக்கட்டும். கைப்பிடியுள்ள, உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படியான உயர நாற்காலி ஒன்று வேண்டும். தாழ்ந்த சோபாவிலிருந்து எழுவது முதல் வாரங்களில் வேதனை. கால்மிதிகளைச் சுருட்டி எடுத்து வையுங்கள். உயரமான வாசற்படியை வாக்கருடன் எப்படிக் கடப்பது என்பதையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

6. அறுவை அரங்கில் நடப்பவை: எந்த நுட்பம் எதற்கு உதவுகிறது

இந்தப் பகுதியில் நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் பின்னால் உங்கள் காலில் காணப்போகும் சில அடையாளங்களுக்கான விளக்கம் இங்கே இருக்கிறது.

பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். தொடையின் உட்பகுதியில் செல்லும் நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தும் முறையும் இதனுடன் சேர்த்துச் செய்யப்படுகிறது. இது வலியைக் குறைத்தாலும் முன்தொடைத் தசையின் பலத்தைப் பெரும்பாலும் விட்டுவைப்பதால், அன்றே எழுந்து நிற்க முடிகிறது. ரத்த இழப்பைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் தருவார்கள். இவை ரோபோ இல்லாத அறுவையிலும் உண்டு. விரைவான மீட்சிக்கான பாராட்டு முழுவதையும் ரோபோவுக்கே கொடுத்துவிடுவது நியாயமாகாது.

பிறகு தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் மெல்லிய பின்களைச் செருகி, அவற்றில் அடையாளக் குறிகளைப் பொருத்துவார்கள். எதிரே நிற்கும் கேமரா இவற்றைப் பார்த்து, கால் அசையும்போதெல்லாம் எலும்பு எங்கே இருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மருத்துவர் ஒரு கூர்முனைக் கருவியால் எலும்பின் மேற்பரப்பில் பல புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, உங்கள் எலும்பின் வடிவத்தைத் திரையில் பதிவுசெய்வார். இந்தப் பதிவு பிசகினால் பின்னால் வரும் எல்லா எண்களும் பிசகும் என்பதால், அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம் இது.

அடுத்து வருவதுதான் இந்த முறையின் சாரம். எலும்பை வெட்டும் முன்பே, காலை நீட்டியும் 90 பாகை மடக்கியும் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்து, உட்பக்க இடைவெளியும் வெளிப்பக்க இடைவெளியும் எத்தனை மில்லிமீட்டர் வரும் என்பதைத் திரையில் பார்ப்பார்கள். நீட்டும்போது உட்பக்கம் 16, வெளிப்பக்கம் 19 என்று காட்டினால், உட்பக்கம் இறுக்கம் என்று பொருள். வழக்கமான முறையில் எலும்பை வெட்டியபின் அந்த இறுக்கத்தைக் கையால் உணர்ந்து, உட்பக்க ஜவ்வைத் தளர்த்துவது வழக்கம். இங்கே வெட்டும் கோணத்தையோ ஆழத்தையோ ஓரிரு மில்லிமீட்டர் மாற்றி, அதே சமநிலையைத் திரையிலேயே எட்டிப் பார்க்கலாம்.

ஜவ்வைத் தளர்த்துவது குறைந்தால் உள்ளே காயமும் குறையும். வீக்கமும் தொடக்க வலியும் குறைவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. நிலைவாசலில் இம்மியளவு கோணலாக மாட்டிய கதவு ஒரு மூலையில் உரசிக்கொண்டே இருப்பதைப்போல, சமநிலை தவறிய மூட்டும் ஏதாவது ஒரு கோணத்தில் இறுகி, நாங்கள் எவ்வளவு மடக்கினாலும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

வெட்டும்போது எல்லையைத் தாண்டாமல் தடுப்பது அடுத்த பலன். முழங்காலுக்குப் பின்னே பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் செல்கின்றன. எல்லை வகுத்துத் தடுக்கும் கருவிகளில் ரம்பம் அந்த எல்லையில் நின்றுவிடும். மேலும், வழக்கமான முறையில் தொடை எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் நீண்ட கம்பியைச் செலுத்தித் திசை பார்ப்பார்கள். ரோபோ முறையில் அது தேவையில்லை என்பதால் அந்த வழியே கசியும் ரத்தமும் குறைகிறது.

இதற்கு ஈடாகச் சில சிறு விலைகளும் உண்டு. அறுவை நேரம் சற்று நீளலாம். அந்தப் பின்களைச் செருகிய இடங்களில், தொடையிலோ முன்காலிலோ, முக்கியத் தையலைத் தவிர இரண்டொரு சிறு காயங்கள் இருக்கலாம். இவை எதற்கு என்று தெரியாமல் வீட்டார் பதறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அரிதாக, பின்கள் துளைத்த இடத்தில் எலும்பு விரிசல் ஏற்படலாம். மூட்டு நன்றாக இருக்கும்போது முன்காலின் நடுவில் மட்டும் புதிதாக வலித்தால், நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

7. முதல் 24 மணி நேரம்

மரப்பு விலகத் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை கணுக்கால் அசைவு. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதை ஒரு மணிக்கு ஒருமுறை, பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதால் ரத்தம் தேங்காமல் மேலே ஏறும். ரத்தக்கட்டியைத் தடுக்கத் தரும் மருந்துக்கு இது துணை.

பல மருத்துவமனைகளில் அன்றே அல்லது மறுநாள் காலையில் எழுப்பி நிற்கவைப்போம். முதலில் கட்டிலோரத்தில் சில நிமிடம் உட்கார வேண்டும். தலைசுற்றல் இல்லையென்றால் மட்டுமே எழ வேண்டும். கால் பலமாக இருப்பதாகத் தோன்றினாலும் நரம்பு மருந்தின் தாக்கம் மிச்சமிருந்தால் முழங்கால் திடீரென்று மடிந்துவிடும். ஆகவே, இரவில் யாரையும் எழுப்ப வேண்டாமே என்று தனியாகக் கழிவறைக்குப் போகாதீர்கள். வார்டில் நடக்கும் விழுதல்களில் பல இப்படித்தான் நடக்கின்றன.

8. முதல் இரண்டு வாரம்: நீட்டுவது முதலில்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ‘எவ்வளவு மடங்குகிறது?’ என்றுதான் கேட்பார்கள். ‘எவ்வளவு நீள்கிறது?’ என்று யாரும் கேட்பதில்லை. நடப்பதற்கு முழங்கால் முழுதாக நீள வேண்டும். 10 பாகை மடங்கியே நின்றாலும் தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் ஓய்வின்றி உழைத்துக் களைத்துப்போகும், நடை நொண்டும், நாளடைவில் இடுப்பும் வலிக்கும். மடக்கத்தைப் பின்னால் ஓரளவு மீட்டுவிடலாம். நீட்டத்தைத் தொடக்கத்தில் கோட்டைவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

மூட்டு வீங்கியிருக்கும்போது சற்று மடங்கிய நிலைதான் அதற்குச் சுகமாக இருக்கும். அதனால் நோயாளி தலையணை கேட்பார். மகளோ மருமகளோ பரிவோடு முழங்காலுக்கு அடியில் ஒன்றைச் செருகுவார். காலைச் சுற்றுக்கு நான் வரும்போது முழங்கால் அதன்மேல் வாகாக வளைந்து கிடக்கும். எடுத்தவுடன் ‘ஐயோ, வேண்டாம்பா’ என்று குரல் வரும். அந்தத் தலையணையைக் குதிகாலுக்குக் கீழே மாற்றுங்கள். முழங்காலுக்கு அடியில் காற்று மட்டும் இருக்கட்டும். காலின் எடையே அதை மெல்ல நீட்டிவிடும். 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை இப்படி வைத்தால் போதும். கூடவே, நான்காம் படியில் பழகிய அழுத்தும் பயிற்சியைச் செய்யுங்கள்.

மடக்குவது அடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பின்னோக்கித் தேய்த்து, இழுவை தெரியும் இடத்தில் 10 விநாடி நிறுத்தி விடுங்கள். இரண்டு வார முடிவில் 90 பாகை என்பது பொதுவான இலக்கு; நாற்காலியில் பாதம் முழங்காலுக்கு நேர்கீழே வருவதே ஏறக்குறைய 90 பாகை என்பதால், அளவுகோல் இல்லாமலும் வீட்டில் கண்டுகொள்ளலாம்.

வேறு யாரையும் காலைப் பிடித்து வலுவாக மடக்கவிடாதீர்கள். கண்ணீர் வரும்வரை மடக்கினால்தான் பலன் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அப்படி மடக்கியதும் மாலைக்குள் மூட்டு வீங்கி, மறுநாள் முந்தைய நாளைவிடக் குறைவாகவே மடங்கும். பயிற்சிக்குப்பின் வரும் வலி ஓரிரு மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி; மறுநாள் காலைவரை நீடித்தால் அளவு கூடிவிட்டது.

9. வீக்கமும் வலியும்

ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, ஒருமுறைக்கு 15 முதல் 20 நிமிடம், பயிற்சி முடிந்ததும் கட்டாயமாகவும் இடையிடையேயும் வையுங்கள். படுத்திருக்கும்போது கால் இதயத்தின் மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். வெந்நீர் ஒத்தடம், தைலம் தேய்த்தல், உருவிவிடுதல் மூன்றும் இந்த வாரங்களில் வேண்டாம். முதலிரண்டும் வீக்கத்தைக் கூட்டும், காயத்தையும் கெடுக்கும். மூன்றாவது, கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருந்தால் ஆபத்தாகவே முடியலாம்.

வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போனபின் விழுங்குவதைவிட, எழுதிக் கொடுத்த நேரத்தில் எடுங்கள். பயிற்சிக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பு வருமாறு ஒரு வேளையை அமைத்துக்கொண்டால் பயிற்சி எளிதாகும். டிராமடால் போன்றவை மலச்சிக்கலையும் தலைசுற்றலையும் தரும். தண்ணீர், கீரை, பழம் போதுமான அளவு வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் எழுதிக் கொடுக்காத வலி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது.

10. நடையும் படியும்

நாளுக்கு ஒருமுறை நீண்ட நடையைவிட, ஐந்தாறு முறை குறுகிய நடை நல்லது. நீண்ட நடைக்குப்பின் வீக்கம் ஏறி, அன்றைய பயிற்சி கெடும். முதலில் குதிகால், பிறகு பாதம் என்று ஊன்றுங்கள். முன்விரலில் நடப்பவர்களுக்கு முழங்கால் நீளாது.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடியை அறுவை செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லோருமே முதலில் வலிக்கும் பக்கத்தில்தான் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் உடல் அந்தப் பக்கமே சாய்ந்து புதிய மூட்டின்மேல் சுமை கூடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். உடலைத் தூக்குவதும் தாங்கி இறக்குவதும் பலமுள்ள காலின் வேலையாக இருப்பதற்காகவே இந்த வரிசை.

11. உடனே தெரிவிக்க வேண்டியவை

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, திடீர் மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். கெண்டைக்கால் மட்டும் தனியாக வீங்கி, அழுத்தினால் வலித்தால் அன்றே காட்ட வேண்டும்.

காயத்திலிருந்து தொடர்ந்து நீர் கசிவது, சீழ், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, குளிருடன் காய்ச்சல், குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது ஆகியவற்றுக்கு, அறுவை செய்த மருத்துவரையே பாருங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனால், எந்தக் கிருமி என்பதைப் பின்னர் பரிசோதனையில் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். புண்ணில் மஞ்சளோ பவுடரோ போடாதீர்கள். தையலோ ஸ்டேபிளோ பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுக்கப்படும்; அதற்குமுன் அதை நனைக்கலாமா என்பது ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைப் பொறுத்தது, கேட்டுச் செய்யுங்கள்.

சில மாற்றங்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மூட்டின் மேல் சில மாதங்கள் இளஞ்சூடு இருக்கும். தழும்பின் வெளிப்புறத்தில் ஒரு பகுதி மரத்திருக்கும். மடக்கும்போது ‘டக்’ என்று உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் ஓசை கேட்கலாம். இரவுத் தூக்கம் கெடுவதும் முதல் வாரங்களில் பொதுவானது.

12. மூன்றாம் வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை

வலி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தின் தவறு. தழும்புத் திசு இறுகுவது இப்போதுதான். ஆறாம் வாரத்துக்குள் 110 பாகையை நெருங்குவது நல்ல முன்னேற்றம். மூன்றாம் மாதத்துக்குள் பலர் 120-ஐ எட்டுகிறார்கள். அறுவைக்கு முன்பே 80, 90 பாகைக்குமேல் மடங்காத கால் என்றால் இலக்கும் அதற்கேற்பக் குறையும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருடன் ஒப்பிட வேண்டாம். ஆறாம் வாரத்திலும் 90-ஐ எட்டவில்லையென்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை தேவைப்பட்டால், அதை முதல் மூன்று மாதத்துக்குள் செய்வதே பலன் தரும்.

உட்கார்ந்து எழும் பயிற்சி, தாழ்ந்த படியில் ஏறி இறங்குதல், பளு இல்லாமல் நிலைச் சைக்கிள் ஆகியவற்றை இப்போது சேர்க்கலாம். வலது காலில் அறுவை என்றால் கார் ஓட்டச் சுமார் ஆறு வாரம் ஆகும். அவசரமாக பிரேக்கை அழுத்தும் பலம் வந்திருக்க வேண்டும், தூக்கம் தரும் மாத்திரைகளும் நின்றிருக்க வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு இன்னும் பொறுங்கள். சிக்னலில் வண்டி சாயும்போது எந்தக் காலை ஊன்றுவீர்கள் என்று யோசித்தால் காரணம் புரியும்.

தரையில் சம்மணமிடுவதும், இந்தியக் கழிப்பறையில் குத்த வைப்பதும் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்பவை. ரோபோவால் செய்தால் இவை முடியும் என்று விளம்பரத்தை நம்பி வருகிறவர்கள் உண்டு. எவ்வளவு மடங்கும் என்பதை, பொருத்திய மூட்டின் வகையும் உங்கள் பழைய மடக்கமும் திசுக்களின் தன்மையும் சேர்ந்துதான் முடிவுசெய்கின்றன. கோயிலிலோ தொழுகையிலோ முழங்காலிட வேண்டியவர்கள், மருத்துவர் அனுமதித்தபின் மெத்தென்ற விரிப்பின்மேல் மெதுவாகப் பழகலாம்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்துடன், பொருத்திய மூட்டின் பெயரும் அளவும் வரிசை எண்ணும் உள்ள ஸ்டிக்கர் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்து உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற நேர்ந்தால், எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். விமான நிலையச் சோதனையில் மூட்டால் கருவி ஒலியெழுப்பலாம். அதிகாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத பல் சிகிச்சையை மூன்று மாதம் தள்ளிவைத்து, அதன்பிறகும் பல் மருத்துவரிடம் செயற்கை மூட்டு இருப்பதைத் தெரிவியுங்கள். எக்ஸ்ரேயுடன் கூடிய ஆண்டுப் பரிசோதனையின் தேதியை, கடைசி ஃபாலோ-அப் அன்றே கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.